அம்மாவுக்குப் பக்கத்து இடம்

மார்ச் 4

அப்பாவுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். இன்று எனக்கு அன்பு வரவில்லை.

மதியம் அலுவலகத்தில் ஒரு தீ விபத்துக் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு பெண். தேன் ஒழுகும் குரல். “மேடம், உங்க அப்பா உடல் தானத்துக்குப் பேர் கொடுத்திருக்காங்க. நீங்க ஒரே பொண்ணாமே? உங்க சம்மதக் கையெழுத்து இருந்தாதான் நாங்க ஏத்துக்க முடியும். ஃபாரம் அனுப்பட்டுமா?” என்றாள். பக்கத்து மேஜைக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். ராங் நம்பர் என்று சொல்லிவிட்டேன்.

போன வருஷம் ஏழை மாணவர்களுக்கு என்று பட்டமளிப்பு அங்கிகளை இலவசமாகத் தைத்துக் கொடுத்தீர்கள். நல்ல காரியம், பேசாமல் இருந்தேன். அப்புறம் மாதாமாதம் ஏதோ ஒரு தொகை. அதற்கும் வாய் திறக்கவில்லை. இப்போது ஆளையே கேட்கிறார்கள். அடுத்தது வீடுதானே?

அவர்கள் வலைத்தளத்தைத் திறந்து பார்த்தேன். ‘கொடுக்கும் வழிகள்’ என்று தனியாக ஒரு பக்கமே வைத்திருக்கிறார்கள். மாதச் சந்தா, இறந்தவர் நினைவாக உதவித்தொகை, நூலகத்துக்குப் புத்தகம், உயில் எழுதி வீடு அல்லது நிலம், கடைசியில் உடம்பு. எல்லாவற்றுக்கும் கீழே நன்கொடைப் பிரிவு ஃபாதரின் படம், வாயெல்லாம் பல்லாக. காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கணக்குகளைத் துருவுகிறவள் நான். அந்தச் சிரிப்பைத் தினமும் பார்க்கிறேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அம்மாவை அடக்கம் செய்த அன்று பக்கத்து இடத்தை உங்களுக்கென்று எழுதி வாங்கினீர்கள். கல்லில் பாதியைக் காலியாக விடச் சொன்னீர்கள். நான் அழுதபோது, “நான்தான் பக்கத்துல வந்துடுவேனே, அவ தனியா இருக்க மாட்டா” என்று சொல்லித்தான் என் அழுகையை நிறுத்தினீர்கள். இப்போது அங்கே படுக்க மனமில்லையா? யார் மனசைக் கெடுத்தது?

போனில் கேட்கலாமென்றால் சித்திதான் எடுக்கிறாள். “அத்தான் மிஷின்ல இருக்காங்க, காதுல விழாதும்மா” என்று ஒரே பாட்டு. அம்மா படுக்கையில் விழுந்ததும் உதவிக்கு வந்த தங்கை. வந்த நாளிலிருந்து உங்களுக்கும் உலகத்துக்கும் நடுவே கதவாக நிற்பது அவள்தான். இந்த விஷயத்தைக் கேட்டதும் அவள் குரலில் ஒரு மழுப்பல் தெரிந்தது. அவளுக்கும் ஏதோ தெரியும் என்று நினைக்கிறேன்.

ஃபாரம் வந்துவிட்டது. இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். மழுப்பாமல் பதில் எழுதுங்கள்.

மகள்


மார்ச் 13

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு,

நீ அடித்துப்போட்ட ‘அன்புள்ள’ காகிதத்தில் இன்னும் இருக்கிறது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் அந்த ஃபாதர். அவர்மேல் பழி போடாதே. இப்போதெல்லாம் என்னைக் கண்டால் அவர்தான் வேறு வழியாகப் போகிறார். என்னை யாரும் வலை வீசிப் பிடிக்கவில்லை. நானாகத்தான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அவர்கள் ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு பெண், கண்ணாடி மேஜைக்குப் பின்னால். நீ சொன்ன தேன் குரல் அதுவாகத்தான் இருக்கும். எனக்குக் காது மந்தம் என்பதால் தேன் தெரியவில்லை, வாய் அசைவதுதான் தெரிந்தது.

“எந்த வகையில கொடுக்க விரும்புறீங்க சார்?” என்றாள்.

“என்னென்ன வகை இருக்கும்மா?” என்றேன்.

ஓட்டலில் சொல்வது போல ஒப்பித்தாள். பங்குப் பத்திரம் இருக்கிறதா என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே அடுத்ததற்குப் போய்விட்டாள். அரிய புத்தகங்கள்? நம் வீட்டில் அரிய புத்தகம் என்றால் நீ எட்டாம் வகுப்பில் தொலைத்த கணக்குப் புத்தகம்தான். நேரம் கொடுக்கலாமாம், மாணவர்களுக்கு வழிகாட்டலாமாம். அவர்கள் ஒன்று கேட்க நான் ஒன்று சொல்ல, பிள்ளைகள் எங்கே போய் நிற்பார்கள்? கடைசியாக உடம்பு என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. என் கையிருப்பில் இருந்தது அது ஒன்றுதான். எழுதிக்கொள் என்றேன்.

காரணம் கேட்கிறாய். அந்த வளாகத்துக்கு இத்தனை வருஷமாக அங்கி தைக்கிறேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய், பின்வாசல் வழியாகவே திரும்பியவன். டாக்டர்கள், வக்கீல்கள், பேராசிரியர்கள் எல்லாரும் என் அளவு நாடாவுக்குத் தோளைக் காட்டி நின்றவர்கள்தான். ஒரு வகுப்பறைக்குள் மட்டும் நான் போனதில்லை. போய் உட்கார வயசில்லை. படுத்துக்கொண்டாவது பாடம் கேட்கலாமே. பாடம் முடிந்த பிறகு அவர்களே ஜெபம் சொல்லி, தங்கள் பொதுக் கல்லறையில் வைத்துவிடுவார்களாம். செலவும் இல்லை, உனக்கு அலைச்சலும் இல்லை.

வீட்டைப் பற்றிப் பயப்படாதே. வீடு உனக்குத்தான். அதைக் கேட்கும் தைரியம் அந்த ஃபாதருக்கு இல்லை. உன்னைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் அம்மா பக்கத்தில் படுக்க மனமில்லையா என்று கேட்டாய். உன் அம்மாவோடு எனக்கு ஒரு மனக்கசப்பும் இல்லை. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. நீயும் அதைக் கிளறி எதுவும் எழுதாதே. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


மார்ச் 24

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது.

கையெழுத்து ஏன் இப்படி இருக்கிறது? பக்கத்துக்கு ஐந்தாறு வரி, ஒவ்வொரு எழுத்தும் கட்டை விரல் அளவு. விஷயம் இல்லாதவர்கள்தான் காகிதத்தை இப்படி நிரப்புவார்கள். வகுப்பறைக் கதை அழகாக இருக்கிறது. அதனால்தான் நம்பவில்லை. பொய்க் கணக்கு கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் நல்ல கதைசொல்லிகள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கேட்காததற்கெல்லாம் விளக்கம் கொடுப்பார்கள். நீங்கள் ஓட்டல், கணக்குப் புத்தகம் எல்லாம் எழுதிவிட்டு, அம்மா விஷயத்தில் மட்டும் ‘எழுத முடியாது, கிளறாதே’ என்கிறீர்கள். என்னிடம் போய் அப்படிச் சொல்லலாமா?

கிளறிவிட்டேன். அந்த ஃபாதரிடமே போனில் பேசினேன். அதட்டலாகத்தான் பேசினேன். மனிதர் தடுமாறிப் போனார். “உங்க அப்பா முதல்ல உடல் தானம்னு வரல மேடம். கல்லறைத் தோட்டக் கமிட்டியிலயும் நான் இருக்கேன். அதைப் பத்தித்தான் கேட்டு வந்தார். என்ன கேட்டார்னு நான் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டாம்னு வாக்கு வாங்கியிருக்கார்.”

பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப் போனவருக்குக் கல்லறையில் என்ன வேலை? அதை ஏன் மறைக்க வேண்டும்? யாரிடமிருந்து?

பல நாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒரு பழைய ஞாபகம்தான் வருகிறது. அம்மாவின் கடைசி மாதங்களில், சித்தி கொண்டுவரும் சாப்பாட்டை அம்மா தொடவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் ஊட்டினால் வாங்குவாள், நீங்கள் ஊட்டினால் வாங்குவாள், சித்தி கை என்றால் வாயைத் திறக்கமாட்டாள். சித்தி குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் புரியவில்லை.

நேராகவே கேட்கிறேன். அம்மாவுக்கு என்ன தெரிந்துபோனது? சித்தி உங்களுக்கு மச்சினி மட்டும்தானா? அம்மா அந்த அறையில் படுத்திருக்கும்போதே உங்களுக்குள் ஏதாவது இருந்ததா? அதனால்தான் அவள் பக்கத்தில் போய்ப் படுக்க உங்களுக்குக் கூசுகிறதா?

மகள் கேட்கக் கூடாத கேள்வி என்று தெரியும். ஆனாலும் இதைக் கேட்காமல் என்னால் தூங்க முடியவில்லை. உண்மை எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். அது வராமல் என் கையெழுத்து வராது.

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். சித்தி கண்ணில் படக் கூடாது.

மகள்


ஏப்ரல் 5

மகளுக்கு,

சித்தி கண்ணில் படக் கூடாது என்று எழுதியிருந்தாய். அந்த வரியையும் அவள்தான் படித்தாள்.

எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. நேரே பார்த்தால் மங்கல், ஓரத்தில் மட்டும் ஏதோ தெரியும். உன்னிடம் சொன்னால் கடையை மூடு, கிளம்பி இங்கே வா என்பாய். அதனால் மறைத்தேன், சித்தியையும் மறைக்கச் சொன்னேன். போனில் அவள் மழுப்பியது அதைத்தான். துணி கைக்குத் தெரிந்துவிடும். எழுத்து கைக்குத் தெரியாது. தடிப் பேனாவால் பெரிதாக எழுதினால் எழுத வரும், ஆனால் அடுத்தவர் எழுதியதைப் படிக்க வராது. ஊசியில் நூல் கோப்பதும், உன் கடிதங்களைப் படிப்பதும் உன் சித்திதான். எனக்குக் காதும் மந்தம். மிஷின் வேறு ஓடும். அதனால் கத்தித்தான் படிப்பாள்.

அன்றைக்கு நம் வீட்டு முன்பக்கக் கடையில் அளவு கொடுக்க வந்த இரண்டு மாணவிகள், ஒரு பேராசிரியர், எதிர்க்கடை சலவைக்காரர். தபால்காரர் உன் உறையைக் கொடுத்துவிட்டுச் ஊர்க்கதை பேசிக்கொண்டு நின்றார். “பொண்ணு எழுதியிருக்கா, படி” என்றேன். பெருமைதான், வேறென்ன. எல்லாரும் கேட்கட்டும் என்று நினைத்தேன். ஃபாதரை நீ அதட்டிய இடம் வந்தபோது சலவைக்காரர்கூடச் சிரித்தார். பிறகு நீ நேராகவே கேட்ட இடம் வந்தது. நான் மிஷினை நிறுத்திவிட்டேன். அவள் குரலை இறக்கவில்லை. ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. கடைசி வரிவரை அதே குரலில் படித்து, மடித்து, உறைக்குள் போட்டு, என் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்த மாணவியின் கைநீளத்தை அளக்கப் போய்விட்டாள்.

கடையில் யாரும் இல்லாத நேரத்தில் கேட்டேன், “பாதியில நிறுத்தியிருக்கலாமே?” என்று.

“நிறுத்தினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் அத்தான்” என்றாள்.

மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு, சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள். நான் தடுத்தேன். கையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. தெரு பார்த்துக்கொண்டிருந்தது.

இனி மறைக்க ஒன்றுமில்லை. அவளுக்கு இதய வால்வு பழுது. அறுவை சிகிச்சைக்கு உடம்பு தாங்காது என்று டாக்டர் கை விரித்துவிட்டார். ஒருநாள் தூசு தட்டிக்கொண்டே சிரித்தபடி கேட்டாள், “நான் போனா என்னை எங்க வைப்பீங்க அத்தான்?” என்று. நான் விசாரித்தேன். கல்லறைத் தோட்டத்தில் புது இடம் கிடையாது. சொந்த இடம் இல்லாதவர்களைச் சுவருக்குள் கட்டிய பெட்டியில் சில வருஷம் வைத்துவிட்டு, எலும்பை எடுத்துக் கொட்டிவிட்டு, வேறு ஆளை வைப்பார்களாம். பிறந்ததிலிருந்து அடுத்தவர் வீட்டில் இருந்தவள். செத்த பிறகும் வாடகைக்கா?

என் இடத்தை அவளுக்குக் கொடுங்கள் என்று அந்த ஃபாதரிடம் போய்க் கேட்டேன். இறந்தவரின் கூடப் பிறந்தவள் என்றால் கொடுக்கலாம், ஆனால் நீங்கள் எங்கே போவீர்கள் என்று முதலில் காட்டுங்கள் என்றது கமிட்டி. ஃபாதரின் ஆபீஸ் வாசலில் ‘கொடுக்கும் வழிகள்’ என்று பெரிய பலகை மாட்டியிருந்தார்கள். அவ்வளவு பெரிய எழுத்து என் கண்ணுக்கே தெரிந்தது. காட்டுவதற்கு ஓர் இடம் கிடைத்தது.

அவளுக்குத் தெரிந்தால் சம்மதிக்கமாட்டாள். உனக்கு எழுதியிருப்பேன். நீ அதற்குப் பதில் எழுதுவாய். அந்தப் பதிலை யார் படிப்பார்கள்? அதனால்தான் கிளறாதே என்று கெஞ்சினேன்.

உன் அம்மா அவள் கையால் ஏன் சாப்பிடவில்லை என்பதையும் சொல்கிறேன். அப்போது ஒரு குமாஸ்தா சித்தியைப் பெண் கேட்டு வந்திருந்தார். நல்ல மனிதர். அக்காவைப் போட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று இவள் பிடிவாதம். எப்படியாவது இவளைத் துரத்தி, ஒரு வாழ்க்கைக்கு அனுப்பிவிட வேண்டும் என்றுதான் உன் அம்மா இவள் கையால் வாங்க மறுத்தாள். இவள் போகவில்லை. அந்தக் குமாஸ்தா வேறு இடம் பார்த்துக்கொண்டார். குளியலறையில் நீ கேட்ட அழுகை அதுதான்.

எனக்கு உன்மேல் கோபம் அதிகமாக இருக்கிறது. பதில் எழுதினாலும் படித்துச் சொல்ல இங்கே ஆளில்லை.

அப்பா


ஏப்ரல் 15

சித்திக்கு,

அப்பா இதை உன்னிடம்தான் கொண்டுவருவார். அவருக்கு வேறு யாரும் படித்தால் பிடிக்காது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அன்றைக்குப் படித்த அதே சத்தத்தில் இதையும் படி.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டது நீ. டீச்சர் என்னை வெயிலில் நிறுத்தினார் என்று பள்ளிக்கூடத்துக்கே வந்து சண்டை போட்டது நீ. நான் வேலைக்குப் போன முதல் வருஷம், என் அறையில் தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது என்றதும் வண்டியேறி வந்து பாதி மாதம் தங்கியது நீ. அதையெல்லாம் சாட்சியாக எடுக்காமல், கதவுக்கு வெளியே நின்று கேட்ட அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட அறிக்கையை என் ஆபீசில் யாராவது கொடுத்திருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பேன்.

அப்பா உன்னிடம் மறைத்ததை நான் போட்டு உடைக்கிறேன். அவர் கோபப்படட்டும், ஏற்கெனவே கோபமாகத்தான் இருக்கிறார். அவர் பல்கலைக்கழகத்துக்கு உடம்பை எழுதிக் கொடுத்தது பாடம் கேட்பதற்காக இல்லை. அம்மாவுக்குப் பக்கத்து இடம் உனக்கு வேண்டும் என்பதற்காக. என் கையெழுத்து இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஃபாதரிடம் கொடுத்தால் போதும், வேலை முடிந்தது. அவரிடம் நான் போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார், அந்தச் சிரிப்பைத் தவிர.

மறுத்துவிடாதே சித்தி. அப்பாவை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவரை அந்தக் கல்லூரியின் அறுக்கும் மேஜைமேல் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். அம்மா பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டால் அவள் உன் பெயரைத்தான் சொல்வாள்.

வீட்டுக்குத் திரும்பிவிடு. இன்றைக்கே அப்பாவோடு கிளம்பு.

உன் பொண்ணு


ஏப்ரல் 27

மகளுக்கு,

படித்தாள். அந்த இல்லத்தின் முன்னறையில் வைத்து, நீ சொன்னபடி அதே சத்தத்தில். சுற்றி நாலைந்து கிழவிகள் உட்கார்ந்திருந்தார்கள். தலை பின்னிய இடத்திலேயே ஒருத்தி மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்கே கேட்டது. உன் சித்தி அசையவில்லை.

இடம் என்று எழுதியிருந்த வரியில் மட்டும் நின்றுவிட்டாள். மறுபடி அந்த வரிக்குப் போய் வாய்க்குள் படித்தாள் என்று நினைக்கிறேன்.

“என்னைக் கேக்காம எப்படிச் செஞ்சீங்க அத்தான்?”

“கேட்டா வேண்டாம்பே.”

“ஆமா, அப்படித்தான் சொல்லியிருப்பேன்” என்றாள். மீதியையும் படித்து முடித்து, கடிதத்தை மடித்தாள். பிறகு என் காதருகே வந்து சொன்னாள், “சரி. அக்கா பக்கத்துல நான் போறேன்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். எழுந்து அவள் பெட்டி எங்கே என்று தேடினேன். “அப்ப கிளம்பு, வீட்டுக்குப் போகலாம்” என்றேன்.

“செத்த பிறகு அங்க போறேன் அத்தான். உயிரோட அந்த வீட்டுக்கு வரமாட்டேன்.”

“அதான் அவ எழுதிட்டாளே. இன்னும் என்ன?”

“அன்னைக்குக் கடையில நின்னவங்க முகத்தை நான் பார்த்தேன். உங்களுக்குத் தெரியல. அதனால உங்களால அங்க இருக்க முடியுது” என்றாள்.

ஃபாரத்தைக் கொடுத்தாகிவிட்டது. கமிட்டி இடத்தை அவள் பெயருக்கு மாற்றிவிட்டது. அவளுடைய சாவுக்கு நீயும் நானுமாகச் சேர்ந்து நல்ல ஏற்பாடு செய்துவிட்டோம். மிச்சம் இருக்கும் நாளுக்குத்தான் ஒன்றும் செய்யவில்லை.

தெரு முடிவு கட்டிவிட்டது. ஒன்றும் இல்லையென்றால் ஏன் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று பேசுகிறார்களாம். போகாமல் இருந்திருந்தால், எவ்வளவு வெட்கமில்லாமல் இருக்கிறாள் என்று பேசியிருப்பார்கள். சலவைக்காரர் வழக்கமாகக் காலையில் வந்து நலம் விசாரிப்பார். இப்போது வருவதில்லை. அந்தப் பேராசிரியர் அங்கியை வாங்கிக்கொள்ள ஆளை அனுப்பினார், அவர் வரவில்லை.

உன் கடிதம் நல்ல கடிதம்தான். நானே அழுதேன். ஆனால் நீ சொன்ன பழி எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. நீ சொன்ன வருத்தம் முன்பின் தெரியாத நாலைந்து கிழவிகளுக்குத்தான் கேட்டது. இது என்ன நியாயம்?

லீவு போட்டுவிட்டு வா. பட்டமளிப்புக்கு முந்தின வாரம் வா, அப்போதுதான் கடையில் கூட்டம் இருக்கும். எதிர்ப்பக்க நடைபாதைவரை வருவதாகச் சித்தி ஒத்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு மேல் கேட்காதே என்றாள், நானும் கேட்கவில்லை. நீ வீட்டுக்குள் வந்து என் காலைப் பிடிக்க வேண்டாம். அவளைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டாம். கடை வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொல்.

அப்பா